கொடுந்தோற்றத்து எதிர்நாயகன்: ஒரு முகத்தை யார் வாசிக்கிறார்கள்?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. மிகுபுனைவு எழுத முனைபவர்களுக்கு இது பெரிய வசதி. கறுத்த மேலங்கி, குழிவிழுந்த கண், கன்னத்தில் தழும்பு, கரகரத்த குரல் ஆகியவற்றுள் இரண்டைச் சேர்த்துவிட்டால் போதும். தீயவன் யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய தோற்றம் கொண்டவனையே கதையின் நடுவே நிறுத்தி, ஐந்தாறு நூல்கள் வரை வாசகரை அவனோடு நடக்கவைக்க விரும்பும் எழுத்தாளருக்கு அதே பழமொழி இடையூறாகிவிடுகிறது. அதை அப்படியே ஏற்றால் அவன் வெறும் வில்லன். அடியோடு மறுத்தால், ‘முகம் கொடிது, மனம் தங்கம்’ என்னும் பள்ளிப்பாட நீதிக்கதை மட்டுமே மிஞ்சுகிறது. எதிர்நாயகன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவன்.

இங்கு ‘எதிர்நாயகன்’ என்பது நாயகனை எதிர்ப்பவனைக் குறிக்கவில்லை. நாயகனுக்குரிய இருக்கையில் அமர்ந்திருந்தும் நாயகனுக்குரிய குணங்கள் இல்லாதவனைக் குறிக்கிறது. தமிழில் இச்சொல் இரு பொருளிலும் வழங்குவதால் இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

சொற்களின் வரலாறும் இவ்விடத்தில் உதவுகிறது. தீக்குறியான, அச்சமூட்டும் தோற்றத்தை ஆங்கிலத்தில் ‘சினிஸ்டர்’ என்கிறார்கள். இலத்தீனில் அச்சொல்லுக்கு ‘இடப்பக்கம்’ என்பதே பொருள். தமிழ் கடன்வாங்கிய ‘வில்லன்’ என்னும் சொல், பண்ணையில் உழைத்த நாட்டுப்புறத்தானைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று உடலின் ஒரு பக்கத்தையும் மற்றொன்று ஒருவனது பிழைப்பையும் குறித்தவை. இரண்டும் காலப்போக்கில் தீர்ப்புகளாகிவிட்டன. இடக்கையின்மீது அச்சம் கொண்டவர்களும் உழவனை இழிவாகப் பார்த்தவர்களும் தம் பார்வையை அச்சொற்களில் ஏற்றிவிட்டார்கள். கொடுந்தோற்றம் என்பதும் இப்படிப்பட்டதே. அது முகத்தில் இருப்பதைவிடப் பார்ப்பவரிடத்தில் மிகுதியாக இருக்கிறது. இதை உணர்ந்து எழுதப்பட்ட எதிர்நாயகர்கள் நிலைத்திருக்கிறார்கள். மைக்கேல் மூர்காக் படைத்த எல்ரிக் அவர்களுள் முன்னோடி.

1961-இல் மூர்காக்குக்கு வயது இருபத்தொன்று. பதின்பருவத்திலேயே ‘டார்சான் அட்வென்ச்சர்ஸ்’ இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். ‘சயன்ஸ் ஃபேன்டசி’ என்னும் பிரித்தானிய இதழின் ஆசிரியர் ஜான் கார்னெல், ராபர்ட் இ. ஹோவர்டின் கோனன் கதைகளைப் போன்ற வாள்–மாயக் கதைகள் சிலவற்றை அவரிடம் கேட்டார். கோனன் 1932-இல் அமெரிக்க இதழொன்றில் பிறந்தவன்: வெயிலில் பழுத்த மேனி, கரிய முடி, எஃகுத் தசைகள், நாகரிகத்தை நம்பாதவன், காட்டிலிருந்து வந்து தன் கைவலிமையால் ஓர் அரியணையைப் பிடிப்பவன். அந்த அச்சிலேயே இன்னொருவனை வார்த்துத் தருவது எளிய வேலையாக இருந்திருக்கும்.

மூர்காக் அந்த அச்சை வரிக்கு வரி தலைகீழாக்கினார். எல்ரிக் வெளிறிய தோலும் வெள்ளை முடியும் சிவந்த கண்களும் கொண்ட, நிறமிக் குறைபாட்டோடு பிறந்த ஒருவன். நோயாளி. மூலிகைகளும் மருந்துகளும் இல்லாவிட்டால் எழுந்து நிற்கவே வலுவற்றவன். காட்டுமிராண்டிக்கு மாறாக, பத்தாயிரம் ஆண்டு பழைமை கொண்ட ஒரு பேரரசின் கடைசி அரசன். கோனன் அரியணையை நோக்கி ஏறுகிறான். எல்ரிக் அரியணையிலிருந்து இறங்குகிறான். கோனன் மாயத்தை வெறுப்பவன். எல்ரிக்கோ மாயக்காரர்களின் குலத்தில் பிறந்து நூலகத்தில் வளர்ந்தவன்.

இந்த உருவம் வெறுமையிலிருந்து வந்ததன்று. ஆந்தணி ஸ்கீன் என்னும் புனைபெயரில் எழுதியவர், செக்ஸ்டன் பிளேக் துப்பறியும் கதைகளுக்காக 1919-இல் ஜெனித் என்றொரு குற்றவாளியைப் படைத்திருந்தார். அவனும் நிறமியற்றவன், சிவந்த கண்ணன். மாலைநேர விருந்துடையில் நேர்த்தியாக வலம்வரும் அபின் அடிமை. எல்ரிக் அவனுக்குக் கடன்பட்டவன் என்பதை மூர்காக் மறைத்ததில்லை. அதாவது, வில்லனுக்காகத் தைக்கப்பட்ட ஒரு சட்டையை எடுத்து அவர் நாயகனுக்கு அணிவித்தார். சட்டையை மாற்றித் தைக்காமல் அப்படியே அணிவித்ததுதான் துணிச்சல்.

ஆயினும் சட்டை மட்டும் எதிர்நாயகனை உருவாக்காது. வெள்ளை முடியும் கறுத்த வாளும் அட்டைப்படத்துக்கு அழகு. இருபதாம் பக்கத்துக்குப் பின் வாசகர் அவற்றுக்குப் பழகிவிடுவார். தொடர்கதையின் பெருஞ்சிக்கல் இதுதான். அச்சமூட்டும் முகம் பழகப்பழகச் சாதாரண முகமாகிவிடும். அச்சம் தொடர வேண்டுமானால் அது முகத்திலிருந்து வேறோர் இடத்துக்குக் குடிபெயர வேண்டும். மூர்காக் அதைக் குடியேற்றிய இடம் ஸ்டார்ம்பிரிங்கர் என்னும் வாள்.

அவ்வாள் கொல்லப்பட்டவரின் ஆன்மாவைக் குடிக்கும்; குடித்ததில் ஒரு பங்கை ஏந்தியவனுக்கு வலிமையாகத் தரும். மருந்தின்றி நிற்க முடியாதவனுக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை, இதைவிடக் கொடிய சிறையும் இல்லை. வாளுக்குத் தனி விருப்பம் உண்டு. போர்க்களத்தில் அது முனகும், பாடும், தானாகவே திரும்பும். அவன் காக்க நினைப்பவரையும் வெட்டும். எல்ரிக் அதை வெறுக்கிறான். ஆனால் அதை விட்டு அவனால் வாழ முடியாது. போதைக்கு அடிமைப்பட்ட ஒருவரைக் குடும்பத்தில் கண்டவர்களுக்கு இந்த உறவு புரியும். வெறுப்பும் தேவையும் ஒரே பொருளின்மீது ஒரே வேளையில் எழும் நிலை அது.

முதல் கதையான ‘கனவு காணும் நகரம்’ இதை இரக்கமின்றி நிகழ்த்திக்காட்டுகிறது. ஒன்றுவிட்ட சகோதரன் யிர்கூன், எல்ரிக்கின் அரியணையைக் கவர்ந்துகொண்டான். எல்ரிக் நேசிக்கும் சைமோரில் அவன் பிடியில் இருக்கிறாள். எல்ரிக் கடற்கொள்ளையரைத் திரட்டிவந்து தான் பிறந்த நகரத்தையே சூறையாடுகிறான். தன் மக்களுக்கு எதிராகப் பகைவரை அழைத்துவரும் அரசன் என்ற அளவிலேயே அவன் நாயக இலக்கணத்துக்கு வெளியே போய்விடுகிறான். இறுதியில் சைமோரில் அந்த வாளுக்கே பலியாகிறாள். தப்பும் வழியில் பறவைநாகங்கள் துரத்துகின்றன. எல்ரிக் மாயக்காற்றை எழுப்பித் தன் கப்பலை மட்டும் காத்துக்கொள்கிறான். அவனை நம்பிவந்த கூட்டாளிகளின் கப்பல்கள் நெருப்புக்கு இரையாகின்றன.

அதன்பின் வரும் காட்சிதான் பாத்திரத்தின் உயிர்நிலை. அவன் வெறுப்போடு வாளைக் கடலில் வீசுகிறான். வாள் மூழ்கவில்லை, நீரில் நட்டுவைத்தாற்போல் நின்று அதிர்ந்து ஓலமிடுகிறது. அவனுடைய வலிமை வடிகிறது. அவன் நீந்திப்போய் அதை எடுத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் வாசகர் அஞ்சுவது அவனுடைய சிவந்த கண்ணைக் கண்டன்று. அவன் நீந்துவதைக் கண்டு. பிறப்பால் வந்த தோற்றத்திலிருந்து தேர்வால் வந்த செயலுக்கு அச்சம் நகர்ந்துவிட்டது. அவனை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை என்ற நிலையில் கதை வாசகரை விட்டுவிடுகிறது.

மூர்காக் தொடரைக் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. 1964-க்குள் அவர் எல்ரிக்கைக் கொன்றுவிட்டார். உலகின் முடிவில் ஊழின் கொம்பை மும்முறை ஊத வேண்டும். மூன்றாம் முறை ஊத எல்ரிக்கிடம் வலுவில்லை. நீண்டநாள் தோழனான மூன்கிளம் தன் உயிரையே அதற்காகத் தருகிறான். எல்ரிக் நண்பனை வாளுக்குக் கொடுத்து, அவ்வலிமையால் கொம்பை ஊதுகிறான். இறுதியில் வாள் எல்ரிக்கையும் குடித்துவிட்டுத் தன் உண்மை உருவெடுத்துப் புறப்பட்டுப் போகிறது. அதன்பிறகு மூர்காக் எழுதிய எல்ரிக் கதைகள் அனைத்தும் இம்முடிவுக்கு முன்னே நிகழ்பவை. 2022 வரை அவை வந்துகொண்டிருந்தன. முடிவு தெரிந்த வாசகருக்காக எழுதுவதால் அவர் நாயகனை நல்லவனாக்கிக் காட்ட வேண்டிய கட்டாயம் நீங்கியது.

1972-இல் வந்த முன்கதை நாவல் இதற்குச் சான்று. அதில் எல்ரிக் இளம் பேரரசன். மெல்னிபோனேவின் அரசவையில் வதை ஒரு கலை. ஒற்றர்கள் வதைபடுவதை அவனும் அரசு அலுவலாகவே பார்த்திருக்கிறான். ஆனால் நூல்களைப் படித்துப் படித்து, தன் குலத்தின் அறம் சரிதானா என்று கேட்கத் தொடங்கியவன் அவன் ஒருவனே. நாவலின் முடிவில் அவன் யிர்கூனை மன்னித்து, அரியணையில் தன் பதிலாளாக அமர்த்திவிட்டு உலகைக் கற்கப் புறப்படுகிறான். 1961-இன் கதையைப் படித்தவருக்கு இந்த மன்னிப்பின் விலை முன்பே தெரியும். அவனுடைய வாழ்வில் மிக நல்ல செயல் அதுவே; நகரத்தின் அழிவுக்கு வித்தும் அதுவே.

எல்ரிக்கில் அச்சம் முகத்திலிருந்து செயலுக்குப் போகிறது என்றால், செவரஸ் ஸ்னேப்பில் அது வாசகரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஜே. கே. ரோலிங் 1997-இல் தொடரின் முதல் நூலில் அவரை அறிமுகம் செய்யும்போது எண்ணெய் படிந்த கரிய முடி, வளைந்த மூக்கு, மஞ்சள் பாய்ந்த தோல் என்று வில்லனுக்குரிய உறுப்பிலக்கணத்தைச் சொல்லி வைக்கிறார். விருந்து மேசையில் ஸ்னேப்பின் பார்வை ஹாரிமேல் விழுகிறது. அதே நொடியில் ஹாரியின் தழும்பு வலிக்கிறது. பார்வையால் வலி வந்தது என்று ஹாரி முடிவுசெய்கிறான், வாசகரும் உடன்படுகிறார். ஸ்னேப்போடு பேசிக்கொண்டிருந்த தலைப்பாகைக்காரப் பேராசிரியர் க்விரலின் பின்தலை அப்போது ஹாரியை நோக்கியிருந்தது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

க்விரலின் திக்குவாய் மொழியியல் மாணவர்கள் தனியே நின்று பார்க்க வேண்டிய இடம். திக்கிப் பேசுபவர் அஞ்சியவர், அஞ்சியவர் தீங்கற்றவர் என்று கேட்பவர் கணக்குப்போடுகிறார். கடைசி அத்தியாயத்தில் அந்தத் திக்கல் மறைந்து, குரல் தெளிவாகவும் குளிராகவும் ஒலிக்கிறது. முகத்தைப் போலவே பேச்சும் மக்களால் குணமாக வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பும் பெரும்பாலும் தவறு. ஸ்னேப் அத்தனை வில்லத்தனமாகத் தோன்றியது தனக்குப் பெரிதும் வசதியாயிற்று என்பதை க்விரலே ஒப்புக்கொள்கிறார். அக்கதையில் கொடுந்தோற்றம் மற்றொருவனுக்கு மறைவிடமாகப் பயன்பட்டது.

ரோலிங் அதோடு நிறுத்தியிருந்தால் ஸ்னேப் முதல் நூலோடு முடிந்திருப்பார். ஏழு நூல்களுக்கு அவர் தாங்கியதற்குக் காரணம், அவருடைய கொடுமை பொய்யானதன்று. அஞ்சி நடுங்கும் மாணவன் நெவில், தன் பேரச்சமாகக் காண்பது இருளரசனை அன்று. தன் வகுப்பாசிரியரான ஸ்னேப்பை. ஒரு மாணவியின் பல்லை அவளெதிரிலேயே இகழ்பவர் அவர். உயிரைப் பணயம் வைத்து ஹாரியைக் காப்பவரும் அவரே. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. அவர் இளமையில் இழந்ததும் ஒரு சொல்லால்தான். தான் நேசித்த லில்லியை, அவமானத்தின் வெப்பத்தில், ‘அழுக்குக் குருதி’ எனப் பொருள்படும் பிறப்புவசையால் அழைத்துவிடுகிறார். மன்னிப்புக் கேட்டும் அச்சொல் திரும்பிவரவில்லை. பிறப்பை இழிக்கும் ஒரு சொல் என்ன செய்யும் என்பதை இந்திய வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்னேப்பின் உண்மையான கறை அவருடைய முடியில் இல்லை, அச்சொல்லில் இருக்கிறது.

மூன்றாமவன் போலந்திலிருந்து வருபவன். 1986 திசம்பரில் ‘ஃபன்டாஸ்திகா’ இதழின் போட்டிக்காக ஆந்த்ஜெய் சப்கோவ்ஸ்கி எழுதிய சிறுகதையில் கெரால்ட் பிறந்தான். எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத, வணிகத்துறையில் வேலைபார்த்த, முப்பத்தெட்டு வயதுக்காரரின் கதை அது. மூன்றாம் பரிசே பெற்றது. கெரால்டின் தொழிலைக் குறிக்கப் போலிய மொழியில் சொல் இல்லை. சூனியக்காரியைக் குறிக்கும் ‘வியெத்ஷ்மா’ என்னும் பெண்பாற் சொல்லிலிருந்து ‘வியெத்ஷ்மின்’ என்னும் ஆண்பாற் சொல்லை அவரே ஆக்கினார். பெண்பாற் சொல்லின் மூலப்பொருள் ‘அறிந்தவள்’ என்பது. வடமொழி ‘வேத’த்தின் வேரும் அதன் வேரும் ஒன்று. அறிவு என்பது ஓரிடத்தில் மறையாகவும் மற்றோரிடத்தில் சூனியமாகவும் பெயர்பெற்றிருக்கிறது.

கெரால்ட் வெள்ளை முடியன், பூனைக்கண்ணன், சிறுவயதில் நஞ்சுகளாலும் மாயத்தாலும் உடல் மாற்றப்பட்டவன். கூலிக்கு அரக்கவிலங்குகளைக் கொல்வது அவன் பிழைப்பு. ஊருக்கு அவன் வேண்டும். வேலை முடிந்ததும் அவன் ஊரில் தங்கக் கூடாது. அழுக்கை அகற்றுபவரையே அழுக்கெனக் கருதும் சமூகத்தின் இலக்கணம் இது. இந்நாட்டில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை.

‘சிறிய தீமை’ என்னும் கதை இதன் உச்சம். கிரகண நாளில் பிறந்த சில பெண்குழந்தைகள் அரக்கிகளாகவே வளர்வார்கள் என்று ஸ்ட்ரெகோபோர் என்னும் மந்திரவாதி நம்புகிறான். அந்நம்பிக்கையால் வேட்டையாடப்பட்டு, எல்லாம் இழந்து, கொலைகாரியாகவே ஆகிவிட்டவள் ரென்ஃப்ரி. இருவரும் கெரால்டிடம் வந்து, மற்றவரைக் கொல்வதே சிறிய தீமை என்கிறார்கள். தீமைகளுக்கிடையே தேர்ந்தெடுக்க மறுப்பவன், கடைசியில் சந்தைவெளியில் ரென்ஃப்ரியையும் அவள் கூட்டத்தையும் கொல்கிறான். தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பதை அறியாத மக்கள் அவன்மேல் கல்லெறிகிறார்கள். ‘ப்ளாவிக்கனின் கசாப்புக்காரன்’ என்ற பெயர் அவனுக்கு ஒட்டிக்கொள்கிறது. அவளது உடலை அறுத்துப்பார்த்து அவள் அரக்கிதானா என்று உறுதிசெய்ய மந்திரவாதி விழைகிறான். கெரால்ட் அவளைத் தொடவிடவில்லை. ஆகவே அவள் பிறப்பிலேயே தீயவளா, பார்த்தவர்களால் தீயவளாக்கப்பட்டவளா என்பது வாசகருக்குக் கடைசிவரை தெரியாது. அந்த விடையை மறுத்ததே சப்கோவ்ஸ்கியின் நேர்மை.

இவை ஐரோப்பிய எடுத்துக்காட்டுகள். ஆனால் பார்ப்பவரின் கண்ணே கதையை நகர்த்தும் என்ற செய்தி மகாபாரதத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. விசித்திரவீரியன் மகப்பேறின்றி இறந்ததும், குலம் தழைக்கச் சத்தியவதி தன் மூத்த மகன் வியாசரை அழைக்கிறாள். காட்டில் தவமிருந்து வந்தவர். கரிய மேனி, செம்பட்டைச் சடை, கனலும் கண், பொறுக்கவியலா நெடி. அம்பிகை அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்கிறாள். திருதராட்டிரன் பார்வையின்றிப் பிறக்கிறான். அம்பாலிகை அஞ்சி வெளிறுகிறாள். பாண்டு வெளிறிப் பிறக்கிறான். அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி மட்டும் அஞ்சாமல் அவரை வரவேற்று உபசரிக்கிறாள். அவளுக்கு விதுரன் பிறக்கிறான். பெருங்காப்பியத்தின் ஆசிரியரே கொடுந்தோற்றத்தோடு தன் கதைக்குள் நுழைகிறார். அவரை எவ்வாறு பார்த்தார்கள் என்பதிலிருந்து ஒரு குலத்தின் குருடும் வெளிறலும் அறமும் பிரிகின்றன. நேராகப் பார்க்க முடிந்தவள் மூவருள் கீழ்நிலையில் வைக்கப்பட்டவள் என்பதையும் காப்பியம் மறைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி தீராமல் நிற்கிறது. கொடுந்தோற்றத்தைக் கடன்வாங்கும் எழுத்தாளர் அதை யாரிடமிருந்து கடன்வாங்குகிறார்? எல்ரிக்கின் சிவந்த கண் நூலட்டையில் ஒளிர்கிறது. ஆனால் அல்பினிசம் உள்ளவர்களின் கண் பெரும்பாலும் நீலம், சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும். சிவப்பாகத் தெரிவது ஒளி விழும் கோணத்தால். அவர்களுடைய அன்றாடச் சிக்கல் பார்வைக்குறைவும் ஒளிக்கூச்சமும் வெயிலால் தோலுக்கு வரும் கேடும்தான். தான்சானியா, மலாவி போன்ற நாடுகளில், அவர்களது உடலுறுப்புகள் செல்வம் தரும் என்ற மூடநம்பிக்கையால் அவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை சூன் 13-ஐ அனைத்துலக அல்பினிச விழிப்புணர்வு நாளாக 2014-இல் அறிவித்ததன் பின்னணியில் இத்துயரங்கள் உள்ளன. வெண்மையை மாயத்தின் அடையாளமாக்கும் கதைமரபும் இந்த நம்பிக்கையும் ஒரே மண்ணில் முளைத்தவை அல்ல. எனினும் இரண்டும் ஓர் உடலைச் செய்தியாக வாசிக்கின்றன.

இக்குறை எல்ரிக்குக்கும் உண்டு. அவன் தோற்றம் அவனுடைய ஊழின் குறியீடாகவே பெரிதும் நிற்கிறது. ஆனால் கொல்பவனாக வந்துபோகும் நிறமியற்ற வில்லன்களைப்போல் அவன் வெறும் முகமாக நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. வலுவற்ற உடலோடு வாழ்வது எப்படியிருக்கும் என்பதை உள்ளிருந்து கேட்க வாசகருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. 2018-இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம், முகத்தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாக்கும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று அறிவித்தது. முகவேறுபாடு உள்ளவர்களின் நெடுநாள் குரலுக்குக் கிடைத்த விடை அது. தழும்பு வாசிக்கப்படும் முறை மாறக்கூடியது என்பதற்குப் பழந்தமிழே சான்று. அம்மரபில் மார்பில் பட்ட காயம் விழுப்புண். முதுகில் பட்டது நாணத்தக்கது. ஒரே தழும்புக்கு அது இருக்கும் இடத்தால் புகழோ பழியோ வருகிறது.

இந்திய மொழிகளில் இன்று மிகுபுனைவு எழுதுபவர்களுக்கு நிறம்தான் முதல் பொறி. அரக்கன் என்றதும் கருமை, அடியாள் என்றதும் கருமை என்று எழுதிவிடுவது எளிது. காலங்காலமாக வாசகருக்குப் பழகிய அவமதிப்பை எழுத்தாளர் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறார். இத்தனைக்கும் அதே கருமை தெய்வத்துக்கு வரும்போது கார்முகிலாகிறது. ஏவலனுக்கு வரும்போது கரிக்கட்டையாகிறது. நிறம் ஒன்று, உவமை இரண்டு. தீர்ப்பு உவமையில் இருக்கிறது. ‘அவலட்சணம்’ என்னும் சொல் வடமொழி உடற்குறிநூலின் எச்சம். அதை ஒரு பாத்திரத்தின்மேல் போடும்போது உடலைப் பார்த்து விதியைச் சொல்லும் அந்நூலின் நம்பிக்கையும் உடன்வருகிறது.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது அழகிய வாய்ப்பும்கூட. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படும் படர்க்கை ஆண் தமிழில் ‘அவன்’ ஆகவோ ‘அவர்’ ஆகவோதான் வர முடியும். வினைமுற்றும் அதைத் தொடர்ந்தாக வேண்டும். எதிர்நாயகனைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி அசையிலும் கதைசொல்லி ஒரு தீர்ப்பை எழுதுகிறார். ஸ்னேப்பை ஹாரி வெறும் பெயரால் குறிக்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ‘பேராசிரியர்’ என்று சேர்த்துச் சொல்லித் திருத்துகிறார். ஆங்கிலம் பட்டத்தைச் சேர்த்துச் செய்யும் அதே வேலையைத் தமிழ் ஒரு விகுதியால் செய்துவிடும். ஊரார் ‘அவன்’ என்னும் ஒருவனைக் கதைசொல்லி ‘அவர்’ என்று எழுதினால், பக்கந்தோறும் ஒரு பூசல் நிகழும். தொடரின் எந்த நூலில், எந்தச் செயலுக்குப் பின், எவருடைய வாயில் விகுதி மாறுகிறது என்பதே பாத்திர வளர்ச்சியின் வரைபடமாகலாம். ஆங்கிலத்தில் இப்படிச் செய்வதற்கு வழியில்லை.

எனவே கொடுந்தோற்றத்து எதிர்நாயகனை உருவாக்க விரும்புபவர், மூக்கின் வளைவையும் கண்ணின் நிறத்தையும் தீர்மானிக்குமுன் வேறு சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. அவனை முதலில் பார்ப்பவர் யார்? அஞ்சுவதால் அவருக்கு என்ன ஆதாயம்? அஞ்சாமல் பார்க்கும் ஒருவராவது அக்கதையுலகில் உண்டா? அவன் தேர்ந்து செய்த எந்தச் செயலுக்காக வாசகர் உண்மையிலேயே அவனைக் கண்டு அஞ்ச வேண்டும்? கடைசிக் கேள்விக்கு விடையில்லாத எழுத்தாளர்தான் மீண்டும் மீண்டும் தழும்பை வருணிக்க நேர்கிறது.

எல்ரிக் தோன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. வெள்ளை முடியும் கரிய வாளும் கொண்ட நாயகர்கள் விளையாட்டுகளிலும் திரைத்தொடர்களிலும் இன்று மலிந்து கிடக்கிறார்கள். அத்தோற்றம் இப்போது எவரையும் அச்சுறுத்துவதில்லை. கடலில் வீசிய வாளை எடுக்க ஒருவன் நீந்திப்போகும் காட்சி மட்டும் இன்னும் அச்சுறுத்துகிறது.